முள்ளின் தலை எந்தப் பக்கம்

நடந்தவற்றை ஒழுங்காகச் சொன்னால் இப்படி:

1. அடுத்த வீட்டு நானா ரீவி வாங்கினார்.
2. என் சித்தப்பா அதற்கு அன்ரனா நட்டார்.
3. அன்றிலிருந்து பத்து மாதம், அந்த ரீவியில் எது போனாலும் சித்தப்பா அதன் சத்தத்தை மட்டுமே கேட்டார்.
4. நான் கொழும்பில் படிப்பை முடித்து, ஒரு மைக்ரோபுரோசெசர் பலகையுடன் திருகோணமலைக்குத் திரும்பினேன்.
5. சித்தப்பாவின் மகளிடமிருந்து கடிதம் வந்தது.
6. "கம்பத்தைத் திருப்ப ஒரு மோட்டர் போதும்" என்று நான் சொன்னேன்.

ஆறாவது நடந்தபோது நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். அந்த நேரம் என் வாயில் சோறு இருந்திருந்தால் எழுதுவதற்கு எதுவும் இருந்திராது.

நானா கிண்ணியாவில் பிறந்தவர். பட்டினத்தில் ஆணி, வயர், பெயின்ற், கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்தான். அவரைவிடப் பத்து வயது மூத்த சித்தப்பாவுக்கும் நானாதான். ஊருக்குள் ரீவி வரத் தொடங்கிய அந்த முதல் வருடத்தில் ஒழுங்கையிலேயே அவர் வீட்டில் மட்டும்தான் அது இருந்தது. பகல் முழுவதும் அதன்மேல் பின்னல் துணி ஒன்று போர்த்தியிருக்கும். மாலை நிகழ்ச்சி தொடங்கும்வரை அந்தத் துணியில் கைவைக்க நானா எவரையும் விடமாட்டார். "அதுக்கும் ஓய்வு வேணும் புள்ள" என்பார். அவருடைய கடைப் பொடியன்களுக்குக்கூட அவ்வளவு ஓய்வு கிடைத்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா சல்லி என்ற கரையோர ஊரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பிறகு துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கிறக்கும் படகில் வேலைக்குச் சேர்ந்தவர். என் பெற்றோர் நிலாவெளியில் இருக்கிறார்கள். துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு பட்டறையின் மின்பகுதியில் எனக்குப் பயிற்சி வேலை கிடைத்திருந்தது; காலை பஸ்ஸை நம்ப ஏலாது என்பதால் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். பிள்ளைகள் என்று அவருக்கும் சித்திக்கும் ஒரே மகள். எனக்கு இரண்டு வயது இளையவள். கொழும்பில் நடன ஆசிரியைப் பயிற்சியில் இருந்தாள்.

நானா ரீவி வாங்கியபோது அன்ரனாவை உயரத்தில் நிறுத்தச் சித்தப்பாதான் வந்தார். உடைந்த வள்ளமொன்றின் பாய்மரத்தைக் கொண்டுவந்து, நானாவின் முற்றத்துச் சுவரில் இரண்டு இரும்பு வளையங்களுக்குள் நிறுத்தி, அடியில் ஒரு இரும்புக் கிண்ணம் வைத்தார். இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை. அதைப் பிடித்துத் தள்ளினால் கம்பம் முழுவதும் திரும்பும். உச்சியில் அன்ரனா: நடுவே நீளமான தண்டு, அதற்குக் குறுக்கே கம்பிகள், ஒரு முனையில் நீளமானவை, மறுமுனைக்குப் போகப் போகக் குட்டையானவை. பாரை மீனைத் தின்று முடித்து நடுமுள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தது போலிருக்கும். ஒழுங்கையில் எவரும் அதை அன்ரனா என்று சொன்னதில்லை. முள்ளு என்றுதான் சொல்வார்கள்.

இந்த முள்ளைத் திருப்ப வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொழும்பு நிகழ்ச்சிகள் மலைநாட்டு உச்சிக் கோபுரம் ஒன்றிலிருந்து எங்களுக்கு வந்தன. அது ஏறக்குறைய தெற்கே. காற்று அடங்கிய சில மாலைகளில் கடலைத் தாண்டி மெட்ராஸ் வரும். அது ஏறக்குறைய வடக்கே. கொழும்பில் செய்தி தொடங்கியதும் பெண்கள் மெட்ராஸ் கேட்பார்கள். மெட்ராஸில் பாட்டு முடிந்ததும் ஆண்கள் கொழும்பு கேட்பார்கள். கம்பமும் சற்றுச் சாய்வாக நின்றதால், கையை எடுத்தால் தானாக ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே நட்டவரே பிடிக்கவும் வேண்டியதாயிற்று.

உள்ளேயிருந்து அவருக்குச் சத்தம் வரும்.

"இன்னும் கொஞ்சம்."

"போச்சு, போச்சு. திரும்ப வாங்கோ."

"ஆ, அதுதான். அசையாதேங்கோ."

"மூச்சு விட்டுட்டீங்கள் போல, அண்ணை, கோடு ஓடுது" என்று நானா சொல்வார்.

படம் முடிந்து சனம் வெளியே வரும்போது சித்தப்பா கேட்பார்: "கடைசியிலை அவன் செத்தவனோ?" சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படி அவருக்கு எல்லாப் படங்களின் முடிவும் தெரியும். ஒரு கதாநாயகனின் முகமும் தெரியாது.

கடிதத்தைச் சித்தி குசினியில் வைத்துச் சத்தமாக வாசித்தாள். மூன்று கிழமை கழித்து வரும் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு மகளின் பயிற்சிக் கல்லூரிப் பெண்கள் ரீவியில் ஆடுகிறார்கள், பத்து நிமிடம். "நான் பின்வரிசையிலை, இடப்பக்கமிருந்து மூண்டாவது. முன்னுக்கு நெட்டைப் பிள்ளை ஒருத்தி நிப்பாள். ஆனால் இரண்டு தரம் வரிசை மாறும், அப்ப வடிவாத் தெரியும்."

சித்தப்பா குழம்பை விட்டுக்கொண்டு, "நல்லது. நான் முள்ளைப் பிடிக்கிறன். நீங்கள் எல்லாரும் வடிவாப் பாருங்கோ" என்றார்.

சித்தி கடிதத்தை மடித்தாள். "பள்ளிக்கூடத்திலை ஆடினவள், கப்பல் நிக்குதெண்டு நீங்கள் வரேல்லை. கோயிலிலை ஆடினவள், அண்டைக்கும் கப்பல். இப்ப வீட்டுக்குப் பக்கத்திலை ஆடப் போறாள், இனி முள்ளோ? பெத்த பிள்ளை ஆடி ஒருக்காலும் பார்க்காத மனுசன் இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

சித்தப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். அது பிசைந்து முடிந்த சோறு.

அப்போதுதான் நான் ஆறாவது இலக்கத்தைச் சொன்னேன்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலேற்றளவு, பச்சை. நடுவில் நாற்பது காலுள்ள கறுத்த பூச்சிபோல ஒன்று பதிந்திருக்கும், அதுதான் மைக்ரோபுரோசெசர். கீழே எண்களும் ஆறு ஆங்கில எழுத்துகளுமாகப் பதினாறு பொத்தான்கள். மேலே சிவப்பாக எரியும் ஆறு இலக்கங்கள். கடைசி இலக்கத்தின் நடுக்கோடு எரியாது, ஆதலால் எட்டு சைபர் போலத் தெரியும். அந்தக் குறைக்காக ஆய்வுகூடத்தில் கழித்துவிட்டதை எங்கள் ஆசிரியர் எனக்குத் தந்தார். வந்த முதல் கிழமையே பழைய ரேப் ரெக்கோடரின் சின்ன மோட்டர் ஒன்றை அதனுடன் இணைத்துக் குசினி மேசையில் வைத்துப் பரீட்சித்தேன்.

சித்தி தேங்காய் துருவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "உது என்ன செய்யும்?"

"நான் சொன்னால் சுத்தும், சித்தி."

"பிறகு?"

"நான் சொன்னால் நிக்கும்."

"அதுக்குத்தான் உன்ரை சித்தப்பா இருக்கிறாரே."

பெரிய மோட்டருக்கு நானாவின் கடைக்குப் பின்னால் கிடந்த லொறியின் வைப்பர் மோட்டரைக் கழற்றினேன். அதில் ஒரு வசதி உண்டு. வைப்பர் எங்கே நிறுத்தினாலும் கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து நிற்பதற்காக உள்ளே ஒரு சின்ன சுவிச் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒருதரம் கிளிக் என்று மூடும். அந்தக் கிளிக்கைப் பலகை எண்ணினால் கம்பம் எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துவிடும். வேகத்தைக் குறைப்பதற்குச் சித்தப்பா ஒரு பழைய படகின் பாரந்தூக்கியிலிருந்து பல்சக்கரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மோட்டர் நாற்பது தரம் சுற்றினால் பெட்டியின் மறுபக்கம் ஒருதரம் சுற்றும். அங்கிருந்து கம்பத்துக்குச் சைக்கிள் சங்கிலி. மோட்டருக்கு லொறிப் பற்றறி, பலகைக்கு வீட்டு மின்சாரம். இரண்டுக்கும் ஒரே பற்றறியைத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தேன். மோட்டர் சுழலத் தொடங்கியதும் பலகை வெருண்டு எண்ணிய கணக்கை விட்டுவிட்டது. பிரித்து வைத்த பிறகு இரண்டும் நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டன.

பலகையின் ஒரு குறை, மின்சாரம் நின்றால் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து இலக்கம் இலக்கமாக அமத்த வேண்டும். கொப்பியில் இரண்டு பக்கம். நான் அமத்தச் சித்திதான் வாசிப்பாள்.

"மூண்டு, ஈ. ஒண்டு, நாலு. டீ, மூண்டு. சைபர், ஒண்டு. மூண்டு, ஈ." நிறுத்தி நிமிர்ந்தாள். "எத்தினை ஈ பிள்ளை இதுக்குள்ளை? மீன் சந்தை மாதிரிக் கிடக்கு."

"அது எழுத்து, சித்தி. ஆங்கில ஈ."

"எந்த ஈ எண்டாலும் மூடி வைக்கத் தெரியாதோ உனக்கு?"

முதல் பரீட்சை ஒரு ஞாயிறு காலையில். கம்பம் அரைச் சுற்றுத் திரும்ப வேண்டும். அதற்கு இருபது கிளிக். நான் நிதானமாக, எல்லோரும் பார்க்க, இரண்டு, சைபர் என்று அமத்தினேன். பலகை பத்துப் பத்தாக எண்ணுவதில்லை. பதினாறு பதினாறாக எண்ணும். எங்களுடைய இருபது அதற்கு ஒன்று, நாலு. இரண்டு, சைபர் என்றால் அதற்கு முப்பத்திரண்டு. இதை நான் முதல் நாள்தான் சித்தப்பாவுக்குக் கடுதாசியில் கீறி விளக்கியிருந்தேன்.

கம்பம் அரைச் சுற்றுக்குப் போய், நிற்காமல் மேலும் போயிற்று. முள்ளிலிருந்து வரும் வயர் கம்பத்தில் சுற்றி இறுகி, ஜன்னலூடாக உள்ளே ஒரு இழுப்பு இழுத்தது. ரீவியின் பின்னல் துணியும், அதன்மேல் நின்ற பிளாஸ்ரிக் பூச்சாடியும் ஒன்றாகக் கீழே வந்தன. நல்லகாலம், ரீவி வரவில்லை.

நானா பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ரீவிய வெளியில எடுக்கோணும் எண்டால் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே புள்ள. நானே தூக்கித் தந்திருப்பன்."

சித்தப்பா நானாவிடம் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிச்சது. இருபது எண்ண வருகுதில்லை."

அதன்பிறகு எதை அமத்தினாலும் வடக்கிலிருந்து தெற்குவரை உள்ள இருபது கிளிக்குக்கு மேல் திரும்பாதபடி ஒரு தடை வைத்தேன். இனி இரண்டு பொத்தான்தான்: ஒன்றை அமத்தினால் மெட்ராஸ், இரண்டை அமத்தினால் கொழும்பு.

ஆனால் பலகைக்குக் கண் இல்லை. எண்ணத்தான் தெரியும். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை மனிதர்தான் ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு பட்டியல் எழுதிக் கம்பத்தின் பக்கத்தில் சுவரில் ஒட்டினேன். பட்டியல் எழுதினால் உலகம் பாதி ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறவள் நான்.

1. கறன்ட் வந்தபின் எந்தப் பொத்தானையும் அமத்த வேண்டாம்.
2. சங்கிலியைக் கழற்றி, முள்ளின் தலையை வடக்கே வைக்கவும்.
3. சங்கிலியை மாட்டவும்.
4. கொப்பியில் உள்ளதைப் பலகைக்குக் கொடுக்கவும்.
5. பிறகு 1 அல்லது 2.

'தலை' என்று எழுதியது சித்தப்பாவுக்காக. பாடப்புத்தகச் சொல்லைப் போட்டால் அவருக்கு விளங்காது என்று நினைத்தேன். விளங்காத சொல்லாக இருந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பார்.

வியாழக்கிழமை மாலை எல்லாம் வைத்துப் பார்த்தோம். முள்ளை நான் வடக்கே வைத்தேன், நானே அமத்தினேன். அன்று மெட்ராஸ் வரவில்லை, ஆனால் கொழும்பு பளிச்சென்று வந்தது. உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பாவை உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. மோட்டருக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் சித்தப்பா, அதுதான் பிடிச்சுக்கொண்டு நிக்குதே."

"நிக்குது. ஏன் நிக்குதெண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

சனிக்கிழமை வந்தது. சித்தப்பா மத்தியானமே வேலையால் வந்து தலை முழுகி, கோயிலுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டியும் சேட்டும் உடுத்து, ஐந்து மணிக்கு நானா வீட்டு முன்கதிரையில் போய் இருந்துவிட்டார். ரீவிக்கு இன்னும் துணி போர்த்தியிருந்தது. அவர் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா தேத்தண்ணி கொடுத்து, "அண்ணை, துணியிலயே படம் தெரியுதோ?" என்று கேட்டார்.

ஐந்து இருபதுக்குக் கறன்ட் போயிற்று.

நானாவின் மனைவி விளக்கு ஏற்றிக்கொண்டு வந்து வைத்தாள். சித்தி தன் கைக்கடிகாரத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றி மேசையில் வைத்தாள், பார்க்காமல் இருப்பதற்காக. சித்தப்பா மட்டும் முன்போலவே இருந்தார். முழங்காலில் இரண்டு கையும் வைத்திருந்தார்.

ஆறு ஐந்துக்குக் கறன்ட் வந்தது. இரண்டு பக்க இலக்கத்தையும் அமத்தப் பதினெட்டு நிமிடம் வேண்டும். நான் முன்பே அளந்து வைத்திருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே, பலகையின் பக்கத்தில் சித்தி கொப்பியை விரித்தாள்.

"தலையை நான் வைக்கிறன்" என்று சித்தப்பா எழும்பினார். "நீங்கள் உங்கடை ஈயைப் பாருங்கோ. பட்டியல் இருக்குத்தானே."

வெளியே அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை விரலால் தொட்டு வாசிப்பது ஜன்னலூடாகத் தெரிந்தது. சங்கிலியைக் கழற்றினார். முள்ளை அண்ணாந்து பார்த்தார். பட்டியலைத் திரும்பவும் வாசித்தார். அந்த இரண்டாம் வாசிப்பில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது "சீ, மூண்டு" என்பதற்கு மேல் எதிலும் கவனமில்லை. அவர் கம்பத்தைத் திருப்பி, சங்கிலியை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

ஆறு இருபத்தைந்துக்கு நான் இரண்டை அமத்தினேன். மோட்டர் முனகியது. ஒரு கிளிக்கும் தவறாமல் இருபதை எண்ணி நின்றது. நானா துணியை எடுத்து, ரீவியைப் போட்டார்.

வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோல ஒரு நிழல். குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது.

நானா குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "இது மெட்ராஸ் மனுஷி."

நான் மறுபடி இரண்டை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பலகையைப் பொறுத்தவரை அது கொழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் திரும்ப நானே தடை வைத்திருக்கிறேன். பிழை எங்கே என்று என் மூளை இலக்கம் போட்டு அடுக்கத் தொடங்கியது: மோட்டர், சுவிச், சங்கிலி, கொப்பி. நாலாவதில் நிற்கும்போது கதிரை தரையில் உரசும் சத்தம் கேட்டது. சித்தப்பா எழும்பி வாசலுக்குப் போய்விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கை போறீங்கள்?" என்றாள் சித்தி.

"பிடிக்க."

நான் அவரைத் தாண்டி ஓடினேன். "நீங்கள் இருங்கோ, சித்தப்பா. நான் பிடிக்கிறன்."

"உனக்கு ஏலாது. அது சாயும்."

"இருங்கோ."

வேலை பார்க்கும் பட்டறையில்கூட நான் எவருக்கும் அந்தக் குரலில் சொன்னதில்லை. அவர் திரும்பிப் போய் இருந்தார்.

சங்கிலியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தேன். முள்ளின் சின்னக் கம்பிகள் உள்ள முனை வடக்கே, நிலாவெளிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அது தெற்கே, துறைமுகப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். முழுதாகத் தலைகீழ். குறுக்குக் கட்டையைத் தோளால் தள்ளினேன். பாய்மரம் நான் நினைத்ததைவிடப் பாரம். அரைச் சுற்று வந்ததும் கால்களை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா சொன்னது உண்மை: அது சாயத்தான் பார்த்தது. ஒரு மூச்சுவிட்டால் ஒரு விரற்கடை நகர்ந்தது.

உள்ளே மிருதங்கம் கேட்டது. பிறகு சலங்கைச் சத்தம்.

"வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

பதில் இல்லை.

"நானா, படம் தெரியுதோ?"

அதற்கும் இல்லை. சத்தம் தெளிவாகக் கேட்பதை வைத்து எதுவும் சொல்ல ஏலாது. படம் போனாலும் பாட்டு நிற்கும் என்று சித்தப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் திருப்பிப் பார்ப்போமா என்று நினைத்து, பயத்தில் விட்டுவிட்டேன். பத்து மாதம் உள்ளேயிருந்து இந்த மனிதரை ஏவியவர்களில் நானும் ஒருத்தி, லீவில் வந்த நாட்களில். இப்போது என்னை ஏவ ஒருவருமில்லை. படம் பழுதென்றால் மட்டும்தான் சத்தம் வரும், நன்றாக இருந்தால் பிடிப்பவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்பது, நாலாம் நிமிடமோ ஐந்தாம் நிமிடமோ ஆன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அதன்பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. சலங்கையை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மிருதங்கம் நின்றது. விளம்பரப் பாட்டு ஒன்று தொடங்கியது. சித்தப்பா வாசலில் வந்து நின்றார். நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"விடு பிள்ளை, முடிஞ்சுது."

"தங்கச்சி வடிவாத் தெரிஞ்சவளோ?"

"முதல் கொஞ்சம் அந்த நெட்டைக்காரி மறைச்சவள். பிறகு வரிசை மாறினது." நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். "மெலிஞ்சு போனாள். ஆனால் நல்லா ஆடுறாள். எனக்கு ஒண்டும் விளங்காது, எண்டாலும் நல்லா ஆடுறாள் எண்டு தெரியும்." பிறகும் கொஞ்ச நேரம் துடைத்தார். "ஒரு இடத்திலை எல்லாரும் இடப்பக்கம் திரும்ப, இவள் வலப்பக்கம் திரும்பிப்போட்டாள். கெதியாச் சமாளிச்சிட்டாள். நான் மட்டும்தான் கண்டனான்."

"நானும் கண்டனான்" என்றாள் பின்னால் வந்த சித்தி. "எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் திரும்ப வராது."

பிழை யாருடையது என்ற விசாரணை அந்த முற்றத்திலேயே நடந்தது. தலையைத் தெற்கே வைத்ததற்குக் காரணம் கேட்டேன்.

"தெற்கோ? வடக்கேதான் வைச்சனான். பட்டியலிலை உள்ளபடி."

"வாலைத்தான் வடக்கே வைச்சிருக்கிறீங்கள்."

சித்தப்பா மேலே கையைக் காட்டினார். "மீனுக்குத் தலை எந்தப் பக்கம்? பெரிய முள்ளு உள்ள பக்கம். போகப் போகச் சின்னனாகினால் வால். நீ கொழும்பிலை மீன் தின்னேல்லையோ?"

"முன்னுக்குப் பார்க்கிற பக்கம்தானே சித்தப்பா தலை. சின்ன முனைதானே கொழும்பைப் பார்க்குது."

"அப்ப மீன் வாலாலை பார்க்கிறதோ?" என்றார். "பத்து மாதமா நான் வாலைத்தான் கொழும்புக்குக் காட்டினனான். தலையை வடக்கே வை எண்டு எழுதியிருந்தது. வடக்கே வைச்சால் வால் கொழும்புக்கு வந்திட்டுது. பிறகேன் மோட்டர் எண்டு நினைச்சனான். படிச்ச பிள்ளை எழுதினது, ஏதோ காரணம் இருக்கும் எண்டு விட்டிட்டன்."

அதாவது, நான் பொத்தானை அமத்தும்வரை முள்ளு கொழும்பை மிகச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. என் இயந்திரம்தான் இருபது கிளிக்கையும் பிழையில்லாமல் எண்ணி அதை அப்பால் திருப்பியது. வழக்கு எனக்கு எதிராக முடிந்தது.

எல்லோரும் கலையும்போது, கொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்த சித்தி திரும்பி நின்றாள். "ஏன் பிள்ளை, ஒரு கதை கேக்கிறன். கொழும்பை அமத்த மெட்ராஸ் வந்ததெண்டால், மெட்ராஸை அமத்தினால் கொழும்பு வந்திருக்குமோ?"

நான் யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றை அமத்தினால் இருபது கிளிக் திரும்பி வந்து, தொடங்கிய இடத்தில் நின்றிருக்கும். அரை நிமிடம் போதும். கதிரையை விட்டு நானும் எழும்பியிருக்கத் தேவையில்லை.

"ஓம், சித்தி" என்றேன்.

நானா இதை அடுத்த நாளே கடையில் சொல்லத் தொடங்கினார். வயர் வாங்க வருகிறவர்களுக்கு, வயரை அளக்கும் நேரத்துக்குள் முடியக்கூடிய விதமாகச் சொல்வார். அவருடைய கதையில் நான் கம்பத்தில் ஏறியே விட்டேன்.

தங்கச்சிக்கு எழுதிய பதிலில் சித்தப்பா தன் கையால் நாலு வரி சேர்த்தார். வலப்பக்கம் திரும்பியதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவள் தைப்பொங்கலுக்கு வந்தபோது தானாகவே சொன்னாள்: "ஒரு இடத்திலை நான் பிழையாத் திரும்பினனான். நல்லகாலம், ஒருத்தரும் காணேல்லை."

"நான் காணேல்லை" என்றார் சித்தப்பா. சித்தியும் இல்லை என்றாள். நானும் காணவில்லை என்றேன்; நான் சொன்னது மட்டும்தான் உண்மை.

இப்போதுள்ள நிலை இதுதான். பலகைக்கு மோட்டர்சைக்கிள் பற்றறி ஒன்று தனியாக இருக்கிறது. கறன்ட் போனாலும் மறப்பதில்லை. பட்டியலில் இரண்டாவது வரியை வெட்டி, 'சின்னக் கம்பிகள் உள்ள முனையை வடக்கே வைக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். மோட்டர் ஒழுங்காகத் திருப்புகிறது. சித்தப்பா மாலையில் நானா வீட்டின் உள்ளே, முன்கதிரையில் இருக்கிறார். தங்கச்சி ஆடிய நிகழ்ச்சியை மறுபடியும் போடவில்லை. நான் அதை இன்னும் பார்க்கவில்லை.